செக் எஞ்சின் லைட்: மூன்று கோடு, ஒரு எர்த் (ராமநாதபுரம் கடற்கரை வண்டிகள் உரையாடல்; எழுதுபவரின் ஊரே பெயர்)

ஆகஸ்ட் 9, 2025, இரவு 9.40 – தங்கச்சிமடம்

1.2 லிட்டர் பெட்ரோல், 2016 மாடல், பிஎஸ்4. பத்து நாளாகக் காலையில் மட்டும் செக் எஞ்சின் லைட் எரிகிறது. எரிந்ததும் ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது, ஐட்லிங்கில் பெட்ரோல் வாடை, பிக்கப் செத்துவிடுகிறது. மதியம் எடுத்தால் ஒன்றுமே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டதில் மூன்று கோடு (code, கோளாறு எண்): பி0118, பி0113, பி0108. கூலண்ட் டெம்ப்ரேச்சர் சென்சார், மேப் சென்சார் இரண்டும் போச்சு என்றார்கள். முதலாவது மாற்றியாச்சு, பலன் இல்லை. இரண்டாவதும் வாங்கணுமா? உப்பு ஈரம் உள்ளே போய் சென்சாரைத் தின்றுவிட்டது என்பது என் கணிப்பு.

ஆகஸ்ட் 9, இரவு 10.55 – உச்சிப்புளி

வாங்காதீங்க தம்பி.

பி0118 கூலண்ட் வெப்பம், பி0113 உள்ளே போகும் காற்றின் வெப்பம், பி0108 மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் மேப் சென்சார் அளப்பது. மூன்றும் 'சர்க்யூட் ஹை' வகை. அதாவது ஈசியு (எஞ்சினை நடத்தும் கணினி) எதிர்பார்த்ததைவிட சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி நிற்கிறது. மூன்று சென்சார் ஒரே காலையில் சேர்ந்து சாகாது. மூன்றுக்கும் பொதுவாக எது போகிறது என்று பாருங்க. எர்த்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு வோல்ட் டிராப் (வழியில் இழக்கும் வோல்ட்) பார்க்கணும். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழில் (கிளாம்ப்பில் வேண்டாம், ஈயக் குமிழிலேயே), சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத போல்ட்டில். ஒருத்தர் செல்ஃப் அடிக்கணும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5 தாண்டினால் எர்த் ஒயர் கெட்டது. பாம்பன் பக்கம் ஓடும் வண்டியில் அந்தப் பின்னல் எர்த் பட்டை வெளியே பார்க்க நன்றாக இருக்கும், லக்கின் (முனையில் உள்ள உலோக வளையம்) உள்ளே தூளாகியிருக்கும்.

அதுவரை கோடுகளை ஸ்கேனரில் அழிக்காதீங்க. அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோடு விழுந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், லோடு என்னவென்று அதில்தான் இருக்கு.

ஆகஸ்ட் 10, காலை 6.20 – உச்சிப்புளி

நேற்று எழுதியதில் பாதி தவறு. இரவு யோசித்தபோது உறைத்தது.

எஞ்சின் எர்த் வேறு, சென்சார் எர்த் வேறு. சென்சார்களின் எர்த் ஒயர் பாடிக்குப் போவதில்லை. எல்லாம் ஒயரிங்குக்குள் ஒரு முடிச்சில் சேர்ந்து, ஒரே ஒயராக ஈசியு கப்ளருக்குள் (ஒயர் மாட்டும் பிளக்) போய், ஈசியு வழியாகத்தான் பேட்டரி நெகட்டிவைத் தொடும். அதனால் வோல்ட் டிராப் 0.2 வந்தாலும் உங்க பிரச்சினைக்குப் பதில் கிடைக்காது. அந்தச் சோதனை வீண் இல்லை, கடற்கரை வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதுதான். ஆனால் இந்த மூன்று கோடுக்கு அது மருந்து அல்ல.

முக்கியமாக, யாராவது "சென்சார் எர்த் ஒயரிலிருந்து பாடிக்கு ஒரு ஒயர் இழுத்துவிடு" என்றால் கேட்காதீங்க. அன்றைக்குச் சரியாகிவிடும். பிறகு ஒருநாள் எஞ்சின் எர்த் பட்டை அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் அந்தச் சின்ன ஒயரைத் தேடி வரும். ஈசியுவுக்குள் இருக்கும் தலைமுடி அளவு செம்புத் தடம் எரியும். அதற்கு ரிப்பேர் கிடையாது, போர்டே மாற்றணும்.

ஈரம் பற்றி: உப்பு ஈரம் சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பாலம் போட்டால் வோல்ட் இறங்கும், எஞ்சின் கொதிப்பதாக ஈசியு நினைக்கும். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. ஆக உங்க கணிப்பும் அவுட், என் முதல் பதிலும் அவுட். ஒயர் எங்கோ விட்டுப்போகிறது.

ஆகஸ்ட் 10, காலை 8.05 – தங்கச்சிமடம்

ஃபோனில் பார்க்கும் சின்ன ஸ்கேனர் இருக்கு. இப்போது லைட் இல்லை. என்ன பார்க்கணும் அண்ணே?

ஆகஸ்ட் 10, காலை 8.30 – உச்சிப்புளி

ராத்திரி முழுக்க நின்ற வண்டியா? அப்போ ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷன் மட்டும் ஆன். மூன்று எண்: கூலண்ட் வெப்பம், இன்டேக் காற்று வெப்பம், மேப். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று 2, 3 டிகிரிக்குள் இருக்கணும், வெளி வெப்பத்தையே காட்டணும். மேப் 100, 101 கிலோபாஸ்கல். நாம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஒரே லாபம் இதுதான், காற்றழுத்தமே காசில்லாத அளவுகோல். கொடைக்கானலில் இதே வண்டி 80-க்கும் கீழே காட்டும், அங்கே அது சரி. இங்கே 92 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

ஸ்டார்ட் பண்ணி சூடானபின் ஐட்லிங்கில் மேப் 25 முதல் 40-க்குள். பேட்டரி 13.8 முதல் 14.5 வோல்ட்.

கோளாறு வரும் நேரத்தில் எடுத்த எண்தான் வேண்டும். அது வராமல் இப்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் பயனில்லை.

ஆகஸ்ட் 10, காலை 8.41 – உச்சிப்புளி

அந்தச் சின்ன ஸ்கேனர் பற்றி. சந்தையில் இருப்பது ஏறக்குறைய எல்லாம் ஈஎல்எம்327-இன் நகல். அசல் சில்லு செய்த கனடா கம்பெனி 2022-இல் கடையையே மூடிவிட்டது. '2.1' என்று ஒட்டியிருப்பது '1.5'-ஐவிடப் புதுசு என்று நினைக்க வேண்டாம், பல நேரம் அதில் கட்டளைகள் குறைவு. ஒன்று உங்க வண்டியோடு பேசவில்லை என்றால் ஈசியு செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இன்னொன்றைப் போட்டுப் பாருங்க. 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்4 கார் என்றால் ஓபிடி-2 (வண்டியே கோளாறைக் கண்டு கோடு எழுதும் அமைப்பு) கட்டாயம் இருக்கும், ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளை சாக்கெட். 16-ஆம் துளையில் 12 வோல்ட், 4-இல் எர்த். 12 வோல்ட் வரவில்லையா, முதலில் சிகரெட் லைட்டர் ஃப்யூஸைப் பாருங்க, பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ்.

வேலை முடிந்ததும் உருவிவிடணும். மாட்டியே வைத்தால் பேட்டரியைக் குடிக்கும்.

ஆகஸ்ட் 11, காலை 8.50 – தங்கச்சிமடம்

மாட்டிக்கிச்சு. கூலண்ட் மைனஸ் 40, காற்று மைனஸ் 40, மேப் உச்சத்தில். பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும்போது வந்தது. சந்தில் மூன்று வேகத்தடை, இரண்டாவதில் ஏறி இறங்கும்போது லைட். மதியம் நான் மெயின் ரோட்டில் மட்டும்தான் போவேன், இப்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 11, காலை 9.02 – கீழக்கரை

மைனஸ் 40. தங்கச்சிமடத்தில் பனி பெய்யுது, கம்பளி எடுத்துட்டு வரவா?

ஆகஸ்ட் 11, காலை 9.30 – உச்சிப்புளி

கீழக்கரை காக்கா (அண்ணே), கம்பளி இருக்கட்டும். மைனஸ் 40 என்பது ஈசியு "எனக்கு ஒயரே கிடைக்கவில்லை" என்று சொல்லும் எண். உண்மை வெப்பம் இல்லை. ஒயர் எர்த்தோடு ஒட்டிக்கொண்டால் எதிர்ப்பக்கம் ஓடும், 130-க்கு மேல் காட்டும். இந்த இரண்டு எண்ணில் எதைப் பார்த்தாலும் சென்சாரை விட்டுவிட்டு ஒயரைப் பிடிக்கணும். 60 இருக்க வேண்டிய இடத்தில் 45 என்று பாதிப் பொய் சொன்னால் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

நேரம் காலை என்பது காரணம் இல்லை, வேகத்தடைதான் காரணம் என்று தெரிந்தது பெரிய விஷயம். குலுங்கினால் விடுகிறது.

இனி செய்ய வேண்டியது. இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப், கோளாறு இருக்கும் நிலையில்:

கூலண்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்க. இரண்டு ஒயர்தான். கப்ளரின் இரண்டு துளையையும் ஒரு துண்டு மெல்லிய ஒயரால் இணைத்துப் பாருங்க. ஸ்கேனரில் மைனஸ் 40-இலிருந்து 130-க்கு மேல் தாவினால் ஒயரும் ஈசியுவும் நன்றாக இருக்கு, சென்சார்தான் கெட்டது. தாவவில்லை என்றால், சிக்னல் துளையிலிருந்து (மீட்டரில் 5 வோல்ட் காட்டுவது) 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் தொடுங்க. வெப்பம் ஏறினால் சிக்னல் ஒயர் நல்லது, எர்த் ஒயர் போச்சு என்று முடிவு.

இது இரண்டு ஒயர் வெப்ப சென்சாருக்கு மட்டும். மேப் சென்சாரில் செய்து பார்க்காதீங்க. அதில் ஒரு ஒயர் ஈசியுவிலிருந்து வரும் 5 வோல்ட் சப்ளை, அதை எர்த்தோடு ஒட்டினால் அந்த சப்ளையில் ஓடும் சென்சார் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடும்.

ஆகஸ்ட் 11, காலை 9.44 – உச்சிப்புளி

விட்டுப்போனது. துளைக்குள் மீட்டர் முனையைக் குத்தாதீங்க. உள்ளே இருக்கும் பெண் டெர்மினல் அரை மில்லிமீட்டர் விரிந்தால் போதும், நீங்களே இன்னொரு கோளாறை உருவாக்கிவிடுவீங்க. கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழையும் ரப்பர் சீலை ஒட்டிச் சேலைக்குக் குத்தும் பின் ஒன்றை நுழைத்தால் டெர்மினலைத் தொடும். மீட்டரை அந்தப் பின்னில் வையுங்க. எடுத்தபின் சீல் மூடிக்கொள்கிறதா பாருங்க.

ஒயரின் இன்சுலேஷனைக் குத்துவது என்பது இந்த ஜில்லாவில் குற்றமாக அறிவிக்க வேண்டியது. மதுரையில் குத்தினால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். இங்கே குத்தினால் கச்சான் காற்றில் வரும் உப்பு அந்த ஊசித்துளை வழியே உள்ளே போகும், வாடைக் காலத்து ஈரம் சேரும், செம்பு உள்ளுக்குள்ளேயே கரையும். குத்தியவர் மறந்திருப்பார், ஒயர் மறக்காது.

ஆகஸ்ட் 11, இரவு 8.15 – தங்கச்சிமடம்

இரண்டு துளையையும் இணைத்தால் மாற்றமில்லை. ரெசிஸ்டர் வழியாக நெகட்டிவைத் தொட்டால் 43 காட்டுது. எர்த்தான்.

பின் வைத்து எர்த் ஒயரில் வோல்ட் பார்த்தேன். சாதாரணமாக 0.02. ஒயரிங்கை ஆட்டிக்கொண்டே வந்தேன், பேட்டரி தட்டுக்குப் பின்னால் ஈசியு பக்கம் வளையும் இடத்தில் 4.6-க்குத் தாவுது. எர்த்தில் எப்படி அண்ணே 4.6?

ஆகஸ்ட் 11, இரவு 8.40 – உச்சிப்புளி

எர்த் அறுந்ததும் அந்த ஒயர் அநாதை. ஈசியு ஒவ்வொரு வெப்ப சென்சார் சிக்னலிலும் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுக்கும். அது சென்சாருக்குள் புகுந்து எர்த் ஒயருக்கு வந்து, போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அதுதான் 4.6. சரியான எர்த்தில் 0.05-க்குமேல் வரக்கூடாது. 0.1 வந்தாலே எங்கோ களிம்பு ஏற ஆரம்பித்திருக்கு என்று அர்த்தம்.

இடம் கிடைத்துவிட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து, அந்த வளைவில் டேப்பைப் பிரிங்க. பிளேடால் நீளவாக்கில் கீற வேண்டாம். முனையைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பிரிக்கணும்.

ஆகஸ்ட் 12, மாலை 5.30 – தங்கச்சிமடம்

பிரித்தாச்சு. ஒயரில் ஓர் ஊசித்துளை. அதைச் சுற்றி இன்சுலேஷன் லேசாக உப்பியிருந்தது, நகத்தால் அமுக்கினால் மொறுமொறு என்று சத்தம். கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைத் தூள், பித்தளைப் பானையில் புளிச்ச மோர் வைத்த மாதிரி. இரண்டு மூன்று இழைதான் மிச்சம். நல்ல செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன், துளையிலிருந்து ஒரு பக்கம் 4 செ.மீ., இன்னொரு பக்கம் 5 செ.மீ. போய்விட்டது.

சால்டர் பண்ணலாமா?

ஆகஸ்ட் 12, மாலை 6.10 – உச்சிப்புளி

களிம்பு இன்சுலேஷனுக்குள்ளேயே இரண்டு பக்கமும் ஊர்ந்து போகும். அதனால்தான் துளை இருந்த இடத்தில் மட்டும் வெட்டி ஒட்டினால் மூன்று மாதத்தில் திரும்ப வரும். செம்பு கறுத்தோ பழுப்பாகவோ இருந்தால் சால்டர் பிடிக்காது, ஈயம் உருண்டு விழும். பளபளக்கும் வரை வெட்டியது சரி.

0.5 ச.மி.மீ. ஒயர், முடிந்தால் அதே நிறம், 11 செ.மீ. எடுத்துக்கங்க. இரண்டு இணைப்பும் பக்கத்து ஒயரின் இணைப்போடு நேராக வரக்கூடாது. ஸ்லீவை (சூட்டில் சுருங்கும் குழாய்) முதலில் ஒயரில் கோத்துவிட்டுப் பிறகு இணைக்கணும். (எல்லாரும் ஒருமுறையாவது இணைத்து முடித்துவிட்டு ஸ்லீவைத் தேடியிருப்போம்.) உள்ளே பசை தடவிய ஸ்லீவ்தான் வேண்டும், சுருங்கும்போது இரு முனையிலும் பசை பிதுங்கி வரணும். பிதுங்காவிட்டால் உப்புக்குக் கதவு திறந்தே இருக்கு. தீக்குச்சி, லைட்டர் வேண்டாம், ஹீட் கன்.

மேலே சுற்ற பிவிசி இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம்ம வெயிலில் ஒரு வருடத்தில் பசை உருகி, மண் ஒட்டி, அவிழ்ந்து தொங்கும். ஒயரிங்குக்கென்று துணி டேப் இருக்கு.

சால்டர் பண்ணலாம்.

ஆகஸ்ட் 12, இரவு 7.25 – தேவிபட்டினம்

சால்டர் வேண்டாம் என்பேன். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் கம்பியாக்கிவிடும். கம்பியாகிற இடமும் இளகிய இடமும் சந்திக்கும் விளிம்பில் அதிர்ந்து அதிர்ந்து ஒடியும். இந்த ஒயர் வளைவில் இருக்கு, வேகத்தடையில் ஆடுது. கிரிம்ப் (உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்கி இணைப்பது) பண்ணுங்க. படகு எஞ்சின் ஒயரிங்கில் சால்டர் மட்டும் போட்டது எத்தனை நாள் நிற்கும் என்று மண்டபம் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

ஆகஸ்ட் 12, இரவு 9.50 – உச்சிப்புளி

தேவிபட்டினம் சொல்வது சரி, நான் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். வளைவில் இருக்கும் ஒயருக்கு கிரிம்ப்தான். ஆனால் ஒரு நிபந்தனை: சரியான அளவு பட் கனெக்டர் (அந்தக் குழல்), சரியான கிரிம்ப் பிளையர். கட்டிங் பிளையரால் நசுக்கியதற்குப் பெயர் கிரிம்ப் இல்லை, அதைவிடச் சால்டரே தேவலை. பிளையர் இல்லாதவர் சால்டர் போட்டுவிட்டு, இணைப்பிலிருந்து இரண்டு பக்கமும் 3 செ.மீ. வரை ஒயர் ஆடாதபடி கட்டிவிடணும்.

கிரிம்ப் பண்ணியதும் கையால் பலமாக இழுத்துப் பார்க்கணும். உருவி வந்தால் இப்போதே வரட்டும்.

ஆகஸ்ட் 14, காலை 7.15 – உச்சிப்புளி

பேச்சு வேறு பக்கம் போகும் முன் களிம்பு வராமல் தடுப்பது பற்றி.

கப்ளருக்குள் சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ், ரப்பர் சீலின் ஓரத்தில் மெல்லிசாக. டெர்மினல் மேல் அப்புவது தேவையில்லை. வாசலின் போடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார்: பேட்டரி டெர்மினலுக்குப் போடுங்க. கப்ளர் சீலுக்குப் போடாதீங்க, பெட்ரோலியம் பட்ட ரப்பர் உப்பி வாயைப் பிளக்கும்.

டபிள்யூடி-40 ஈரத்தை வெளியே தள்ளும், ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுச் செல்லும். கப்ளர் கழுவ 'காண்டாக்ட் கிளீனர்' என்று கேட்டு வாங்குங்க.

தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்வந்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவணும். சும்மா ஹோஸ், தாழ்ந்த அழுத்தம், அடிப்பக்கம். வாட்டர் சர்வீஸில் விட்டால் போனெட்டைத் திறந்து எஞ்சின் மேல் பிரஷர் அடிக்க விடாதீங்க. கப்ளர் சீல் மழையைத் தாங்கும், பத்து செ.மீ. தள்ளி நின்று அடிக்கும் ஜெட்டைத் தாங்காது. ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் நின்றால் மறுநாள் பி0301-இலிருந்து பி0304-க்குள் ஏதோ ஒன்று மிஸ்ஃபயர் என்று வரும். அப்போது காயிலை (பிளக்குக்குப் பொறி கொடுப்பது) இடம் மாற்றிப் பாருங்க: 2-ஆம் சிலிண்டரில் இருப்பதை 3-க்கு. கோடும் கூடவே 3-க்குப் போனால் காயில். போகாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். எஞ்சின் ஓடும்போது காயிலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். லைட் நிலையாக எரிந்தால் வீடு வரை ஓட்டலாம். கண் சிமிட்டினால் ஓரங்கட்டி அணைத்துவிடணும்.

சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் கலந்த கழிவு ஆயில் அடிப்பார்களே, அதுவும் வேண்டாம். புஷ், கப்ளர் சீல் எல்லாம் ரப்பர்.

ஆகஸ்ட் 14, காலை 10.40 – கீழக்கரை

தம்பி துபாயில், வண்டி ஆறு மாசமா ஷெட்டில். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுறேன். நேத்து ஸ்கேன் பண்ணினா ஒன்பது கோடு.

ஆகஸ்ட் 14, காலை 11.30 – உச்சிப்புளி

அந்த அஞ்சு நிமிஷம்தான் கெடுதி காக்கா. செல்ஃப் எடுத்த கரண்ட் திரும்ப ஏறுவதற்குள் அணைச்சிடுறீங்க. சைலன்சரில் நீர், ஆயிலில் ஈரம். ஓட்டினால் இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டணும், இல்லையென்றால் தொடவே வேண்டாம், நெகட்டிவைக் கழற்றிவிடுங்க.

ஒன்பது கோடில் 'யு' என்று தொடங்குவது எத்தனை? பி0562 (வோல்ட் குறைவு) இருக்கா? இருந்தால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டு (ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது), அழித்து, மறுபடி பாருங்க. வோல்ட் குறைந்தால் வண்டியில் உள்ள ஒவ்வொரு கணினிப் பெட்டியும் பக்கத்துப் பெட்டியைக் காணோம் என்று 'யு' கோடாகப் புகார் எழுதும். சார்ஜ் ஏற்றியபின்னும் 'யு' கோடு மிஞ்சினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் பாருங்க. 60 வரணும். 120 வந்தால் கேன் ஒயரில் (பெட்டிகள் பேசிக்கொள்ளும் ஒயர்) ஒரு முனை விட்டுப்போயிருக்கு.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்க. எலிக்கு அதுதான் முதல் வீடு.

ஆகஸ்ட் 14, மதியம் 1.10 – கீழக்கரை

பேட்டரி ஏத்தி அழிச்சாச்சு. ஒன்பதில் எட்டு போயிடுச்சு. மிச்சம் பி0171. ஃபில்டர் பெட்டியில் தேங்காய் நாரில் கூடு. குடும்பத்தோட இருந்திருக்கு.

ஆகஸ்ட் 14, இரவு 9.20 – உச்சிப்புளி

பி0171 என்றால் பெட்ரோல் குறைவு அல்லது கணக்கில் வராத காற்று. ஃபியூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) குறுகிய காலம், நீண்ட காலம் இரண்டையும் கூட்டிப் பாருங்க. ஐட்லிங்கில் +20-க்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் +5-க்கு இறங்கினால் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று நுழைகிறது. எலி கடித்த வேக்குவம் ஹோஸாகவே இருக்கும். மாறாக, மிதிக்க மிதிக்க ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இல்லை அழுக்கடைந்த மாஸ் ஏர்ஃபுளோ சென்சார். மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது, காற்று நுழைந்தால் ஐட்லிங் ஆர்பிஎம்தான் ஏறும்.

கண்டுபிடிக்க: ஹோஸை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் கவ்வி, ட்ரிம் எப்போது இறங்குகிறது என்று பாருங்க.

இ20 பெட்ரோலால் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வருவதும் உண்டு, ஆனால் இவ்வளவு வராது. சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு, இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5. இ10-லிருந்து இ20-க்குப் போனால் ட்ரிம் 4, 5 சதவீதம் ஏறும். அதற்குமேல் உள்ளதை எத்தனால் தலையில் கட்டக்கூடாது.

ஆகஸ்ட் 14, இரவு 9.50 – தேவிபட்டினம்

புகை விட்டும் லீக் பார்ப்பாங்களே. சாம்பிராணி போட்டால் என்ன, வண்டிக்குத் திருஷ்டியும் கழியும்.

ஆகஸ்ட் 14, இரவு 10.05 – உச்சிப்புளி

பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் கங்கு. திருஷ்டியோடு வண்டியும் கழியும். பிளையர் போதும்.

ஆகஸ்ட் 17, காலை 6.45 – தொண்டி

பிஎஸ்6 டீசல் பிக்கப், மீன் லோடு. பி2463, டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைப்பு. துறையிலிருந்து ஐஸ் கம்பெனி, அங்கேயிருந்து மார்க்கெட், அவ்வளவுதான் ஓட்டம். ஃபில்டரைக் கழற்றிக் கழுவித் தரேன்கிறார் ஒருத்தர்.

ஆகஸ்ட் 17, காலை 7.40 – உச்சிப்புளி

கழுவும் முன் ஒரு எண். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப், டிபிஎஃப் அழுத்த வித்தியாசம் என்ன காட்டுகிறது? எஞ்சின் ஓடாதபோது பூஜ்யம்தான் வரணும். நின்ற வண்டியில் 3, 4 கிலோபாஸ்கல் காட்டினால் சென்சாரோ அதன் ஒயரோ பொய் சொல்கிறது, கரி இல்லை. மீன் வண்டியில் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர், கடலைவிட மோசம். உப்பும் மீன் கழிவும் சேர்ந்து நேராக அடியில் இருக்கும் கப்ளர் மேல் விழும். பெட்டியின் வடிகால் குழாயை டயருக்குப் பின்னால் போகும்படி நீட்டுங்க, பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பூஜ்யம் சரியாக இருந்தால் கரிதான். ஃபில்டர் 550, 600 டிகிரிக்கு ஏறினால்தான் கரி எரியும், குட்டி ஓட்டத்தில் ஏறவே ஏறாது. லைட் வந்ததும் ஈசிஆரில் தேவிபட்டினம் பக்கம் 2000 ஆர்பிஎம்முக்குமேல் நிறுத்தாமல் இருபது நிமிடம். நடுவில் அணைக்காதீங்க. பலமுறை பாதியில் அணைத்தவர் டிப்ஸ்டிக்கைப் பாருங்க, ஆயில் மட்டம் ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கு, ஆயில் மாற்றாமல் ஓட்டக்கூடாது. மாற்றும்போது சாம்பல் குறைந்த ஆயில், புத்தகத்தில் சி2 அல்லது சி3 என்று போட்டிருக்கும்.

டீசல் என்பதால் ஒரு எச்சரிக்கை. காமன் ரெயில் பைப்பை ஓடும்போது லூஸ் பண்ணி எந்த இன்ஜெக்டர் என்று பார்க்கும் பழக்கம் பழைய எஞ்சினோடு போகட்டும். இதில் 1600 பார் வரை அழுத்தம். தோலைத் துளைத்து உள்ளே ஏறும்.

ஆகஸ்ட் 17, காலை 7.55 – உச்சிப்புளி

பழைய பழக்கம் என்றதும் இன்னும் இரண்டு. டைனமோ சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றுவது: அந்த நொடியில் வோல்ட் எகிறும், ஈசியு போகும். மீட்டர் வைத்தால் அரை நிமிட வேலை. இரண்டாவது, டிங்கர் வேலை. நம்ம பக்கம் தளம் துருப்பிடித்து ஓட்டை விழாத வண்டி இல்லை, வெல்டிங் வைக்காமலும் இருக்க முடியாது. வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவ், ஈசியு கப்ளர் இரண்டையும் கழற்றணும், வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வணும். டிங்கர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 19, இரவு 7.30 – தங்கச்சிமடம்

கிரிம்ப், பசை ஸ்லீவ், துணி டேப் எல்லாம் போட்டு நான்கு நாள் ஆச்சு. அதே மூன்று வேகத்தடை, லைட் வரவில்லை. காலையில் 28, 28, 101. எர்த்தில் 0.01. பழைய டெம்ப்ரேச்சர் சென்சார் நல்லதுதானே என்று அதையே திரும்ப மாட்டிவிட்டு, புதுசை டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, இரவு 7.52 – உச்சிப்புளி

புதுசு நன்றாகத்தானே இருந்தது, எதற்குக் கழற்றினீங்க? மாட்டும்போது வாஷர் புதுசா? குறைந்த கூலண்டை எதை ஊற்றி நிரப்பினீங்க?

ஆகஸ்ட் 19, இரவு 8.10 – தங்கச்சிமடம்

வாஷர் பழசு. போர் தண்ணீர்.

ஆகஸ்ட் 19, இரவு 8.31 – உச்சிப்புளி

போர் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினிய ஹெட்டை அரிக்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் வாங்குங்க. எஞ்சின் முழுக்க ஆறியபின் வடித்து, வெறும் டிஸ்டில்டு ஊற்றி ஃபேன் சுற்றும்வரை ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடித்து, பிறகு கூலண்ட். கலக்காத கூலண்ட் என்றால் பாதிக்குப் பாதி, கலந்தே விற்பது என்றால் அப்படியே. நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, டப்பாவில் உள்ள ரகத்தை வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்க. காற்று வெளியேறும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்க.

சென்சார் அடியில் விரலை விட்டுப் பாருங்க.

ஆகஸ்ட் 19, இரவு 8.44 – தங்கச்சிமடம்

பச்சையா ஒரு சொட்டு. இது களிம்பு இல்லை அண்ணே, கூலண்ட்.